ஆதாரத்தின் தரமும் கட்டளையின் கனதியும்: ஜனாஸா எரிப்பில் நாம் கேட்க மறந்த கேள்வி



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களுக்கும் வாசிக்கக் கொடுங்கள்.

ஓட்டமாவடி மஜ்மா நகர் மையவாடியைப் பற்றிப் பிள்ளைகள் கேட்டால் நாம் என்ன சொல்கிறோம்? "கொரோனா காலத்தில் ஜனாஸாக்களை எரித்தார்கள், பிறகு அங்கே அடக்க விட்டார்கள்" என்று இரண்டு வரியில் முடித்து விடுகிறோம். ஏன் எரித்தார்கள் என்று கேட்டால் "இனவாதம்" என்று ஒரே சொல்லில் பதில் சொல்கிறோம். அந்தச் சொல்லில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த உத்தரவு இனவாதம் என்று பெயர் எழுதிக்கொண்டு வரவில்லை. அது வைத்திய வழிகாட்டல் என்ற பெயரில், நிபுணர் குழுவின் சிபாரிசு என்ற பெயரில் வந்தது. அப்படி வரும் ஒரு கட்டளையை எப்படி நிறுத்துப் பார்ப்பது என்று தெரியாவிட்டால், அடுத்த தடவையும் நாம் அழுதுகொண்டு மட்டும்தான் நிற்போம்.

அதனால் இந்தப் பதிவில் இரண்டு வரலாறுகளைச் சேர்த்துச் சொல்கிறோம். ஒன்று நம் ஜனாஸாக்களின் வரலாறு. மற்றது, வைத்திய உலகம் தன் சொந்தச் சிபாரிசுகளுக்கே புள்ளி போடக் கற்றுக்கொண்ட வரலாறு.

*முதலில் நடந்தது என்ன?*

2020 மார்ச் 24 அன்று உலக சுகாதார ஸ்தாபனம் கொவிட் மரணங்கள் பற்றிய இடைக்கால வழிகாட்டலை வெளியிட்டது. உடலைப் புதைக்கலாம், எரிக்கவும் செய்யலாம் என்பது அதன் நிலைப்பாடு. தொற்றுநோயால் இறந்தவர்களை எரித்தே ஆக வேண்டும் என்பது பரவலான தவறான நம்பிக்கை என்றும் அதிலேயே விளக்கியிருந்தார்கள். நம் நாட்டுச் சுகாதார அமைச்சின் தற்காலிக வைத்திய வழிகாட்டலும் மார்ச் இறுதியில் முதலில் இரண்டையுமே அனுமதித்திருந்தது.

மார்ச் 30 அன்று நீர்கொழும்பில் இறந்த ஒரு முஸ்லிம் சகோதரரின் ஜனாஸா எரிக்கப்பட்டது. அதே நாட்களில் வழிகாட்டலும் திருத்தப்பட்டு, எரிப்பு மட்டுமே என்றானது. ஏப்ரல் 11 அன்று அதிவிசேட வர்த்தமானி வந்தது. 800 முதல் 1200 பாகை செல்சியஸ் வெப்பத்தில், குறைந்தது 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் எரிக்க வேண்டும் என்று அது சட்டமாகியது. சில நாட்கள் இடைவெளியில் ஒரு வழிகாட்டல் கட்டாயச் சட்டமாக ஏறிவிட்டது. இந்த ஏற்றத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு திரும்பி வருவோம்.

சொல்லப்பட்ட காரணம் நிலத்தடி நீர். புதைத்தால் வைரஸ் தண்ணீரில் கலந்து பரவும் என்றார்கள்.

டிசம்பர் 1 அன்று அடிப்படை உரிமை மனுக்களை விசாரணைக்கு எடுக்க உயர் நீதிமன்றம் பெரும்பான்மை முடிவால் மறுத்தது. அடுத்த வாரமே பிறந்து 20 நாட்களேயான ஒரு பச்சிளம் குழந்தை, பெற்றோரின் சம்மதமில்லாமல் கொழும்பில் எரிக்கப்பட்டது. பொரளை மயானத்தின் வேலியில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள். அதில் எல்லா இனத்தவரும் இருந்தார்கள் என்பதை நாம் மறக்கக் கூடாது.

*வைத்திய உலகம் புள்ளி போடக் கற்றுக்கொண்ட கதை*

ஒரு காலத்தில் வைத்தியத்தில் பெரிய ஆள் சொன்னால் அதுதான் சட்டம். பேராசிரியர் சொன்னார், குழு கூடி முடிவெடுத்தது என்றால் மேலே கேள்வி இல்லை. இதை மாற்றுவதற்கான ஆரம்ப முயற்சிகளில் ஒன்று 1979இல் கனடாவில் நடந்தது. காலமுறை உடல் பரிசோதனை பற்றி ஆராய்ந்த ஒரு செயலணி, ஒவ்வொரு சிபாரிசுக்கும் ஏ முதல் ஈ வரை தரம் போட்டது. அந்தத் தரம் பின்னால் நிற்கும் ஆதாரத்தைப் பார்த்துப் போடப்பட்டது.

அதன்பின் ஆளுக்கொரு முறை வந்தது. ஒரு சங்கத்தின் 'ஏ' இன்னொரு சங்கத்துக்கு 'பி' ஆனது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 2000ஆம் ஆண்டில் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து 'கிரேட்' என்ற முறையை உருவாக்கத் தொடங்கினார்கள். கனடா மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தின் கோர்டன் கையாட் இதில் முக்கியமானவர். 2004இல் பிரிட்டிஷ் வைத்திய சஞ்சிகையில் இந்த முறை வெளிவந்தது.

உலக சுகாதார ஸ்தாபனத்துக்கும் ஒரு பாடம் தேவைப்பட்டது. அதன் சிபாரிசுகள் முறையான ஆதாரத்தைவிட நிபுணர்களின் அபிப்பிராயத்திலேயே அதிகம் தங்கியிருக்கின்றன என்று 2007இல் லான்செட் சஞ்சிகையில் ஓர் ஆய்வு வெளிவந்தது. அதே ஆண்டு அந்த ஸ்தாபனம் வழிகாட்டல்களை மீளாய்வு செய்யத் தனிக் குழு அமைத்தது. கிரேட் முறையையும் எடுத்துக்கொண்டது.

இந்த முறை கேட்பது இரண்டு கேள்விகள்.

ஒன்று: ஆதாரம் எவ்வளவு நம்பத் தகுந்தது? இதற்கு நான்கு படிகள். உயர்ந்தது, நடுத்தரம், குறைந்தது, மிகக் குறைந்தது.

இரண்டு: அப்படியானால் எவ்வளவு அழுத்தமாகச் சொல்லலாம்? இதற்கு இரண்டே படிகள். வலுவான சிபாரிசு, நிபந்தனையுடனான சிபாரிசு.

இந்த இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், தனித்தனியாக எழுதியும் காட்ட வேண்டும்.

முதல் கேள்விக்குப் புள்ளி போடுவது நாம் விடைத்தாள் திருத்துவது போலத்தான். நோயாளிகளை எழுமாறாக இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மருந்து கொடுத்துப் பார்த்த ஆய்வு என்றால் உயர்ந்த புள்ளியோடு தொடங்கும். வெறுமனே அவதானித்த ஆய்வு என்றால் குறைந்த புள்ளியோடு தொடங்கும். பிறகு வெட்டு. ஆய்வு நடத்திய விதத்தில் பக்கச் சாய்வு இருக்கிறதா? ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றனவா? நம் கேள்விக்கு நேரான ஆதாரமா, சுற்றி வளைத்த ஆதாரமா? எண்ணிக்கை போதாமல் முடிவு தளம்புகிறதா? சாதகமான ஆய்வுகளை மட்டும் வெளியிட்டு மற்றதை மறைத்தார்களா? அவதானித்த ஆய்வாக இருந்தாலும் விளைவு மிகப் பெரிதாக இருந்தால் புள்ளி கூடவும் செய்யலாம்.

நம் நாட்டிலேயே அழகான உதாரணம் இருக்கிறது. வயலில் பாம்பு கடித்தவருக்கு விஷமுறிவு மருந்து ஏற்றும்போது, அந்த மருந்தே கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கலாம். அதைத் தடுக்க ஹைட்ரோகோர்ட்டிசோன், புரோமெதசின் போன்ற மருந்துகளை முன்கூட்டியே கொடுக்கும் பழக்கம் இருந்தது. இலங்கை வைத்தியர்கள் 1,007 நோயாளிகளை எழுமாறாகப் பிரித்து ஆராய்ந்து 2011இல் முடிவை வெளியிட்டார்கள். சிறிய அளவு அட்ரினலின், முதல் மணி நேரத்தில் கடுமையான ஒவ்வாமையை 43 வீதம் குறைத்தது. மற்ற இரண்டும் பயன் தரவில்லை. நல்ல ஆதாரம் என்றால் என்னவென்று தெரிந்தவர்கள் இந்த நாட்டில் இல்லாமல் இல்லை.

கொவிட் காலத்திலும் இந்த முறை வேலை செய்தது. 2020இல் பிரித்தானியாவின் 'ரிக்கவரி' ஆய்வில் 6,425 பேரை வைத்து டெக்சாமெதசோன் என்ற மலிவான மருந்தைச் சோதித்தார்கள். செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களின் மரணம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஒட்சிசன் தேவைப்படாதவர்களுக்குப் பயன் இல்லை. செப்டம்பர் 2 அன்று உலக சுகாதார ஸ்தாபனம் எப்படி எழுதியது தெரியுமா? கடுமையான நோயாளிக்கு இந்த வகை மருந்தைக் கொடுங்கள்: வலுவான சிபாரிசு, நடுத்தர ஆதாரம். கடுமையில்லாத நோயாளிக்குக் கொடுக்காதீர்கள்: நிபந்தனையுடனான சிபாரிசு, குறைந்த ஆதாரம். ஒரே மருந்துக்கு இரண்டு சிபாரிசு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு முத்திரை. நமக்குத் தெரிந்தது எவ்வளவு, தெரியாதது எவ்வளவு என்று வாசிப்பவருக்கு வெளிப்படையாகச் சொல்லியாயிற்று.

*நமக்கு இது புதிதா?*

மதரஸா வாசலை மிதித்த எவருக்கும் இந்தச் சிந்தனை அந்நியமில்லை. ஒரு ஹதீஸ் வந்தால் முதலில் ஸனதைப் பார்க்கிறோம். அறிவிப்பாளர் யார், சங்கிலி அறுந்திருக்கிறதா, நினைவாற்றல் எப்படி என்று பார்த்து ஸஹீஹ், ஹஸன், ளஈப் என்று தரம் பிரித்தார்கள் நம் முன்னோர். புனைந்து கட்டியதை மவ்ளூஉ என்று ஒதுக்கினார்கள். அது ஆதாரத்தின் தரம். பர்ளு, சுன்னத், முபாஹ், மக்ரூஹ், ஹராம் என்பது வேறு ஒரு படிக்கட்டு. அது கட்டளையின் கனதி.

இரண்டுக்கும் தொடர்பு உண்டு. ளஈபான ஹதீஸை வைத்து ஹலால் ஹராம் தீர்மானிக்க முடியாது என்பது ஹதீஸ் கலையில் அறியப்பட்ட விதி. அமல்களின் சிறப்புப் பற்றிய விடயங்களில் நிபந்தனைகளோடு எடுக்கலாம் என்று இமாம் நவவி போன்றவர்கள் சொன்னார்கள், அதையும் ஏற்காதவர்கள் உண்டு. ஹனபி மத்ஹபில் ஐயத்துக்கு இடமில்லாத ஆதாரத்தால் கட்டாயமானது பர்ளு, அதற்கு அடுத்த நிலை ஆதாரத்தால் கட்டாயமானது வாஜிப். நம் ஷாபிஈ மத்ஹபில் பொதுவாக இரண்டும் ஒன்றே. ஆனாலும் ஆதாரம் மெலிந்தால் கட்டளையின் குரலும் தாழ வேண்டும் என்ற உணர்வு நம் கல்விப் பாரம்பரியத்தின் உள்ளேயே இருக்கிறது.

*இப்போது எரிப்புச் சட்டத்துக்குப் புள்ளி போடுவோம்*

கோபத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்து, நிதானமாகத் திருத்துவோம்.

கேள்வி: கொவிட்டில் இறந்தவரைப் புதைத்தால் நிலத்தடி நீர் வழியாக நோய் பரவுமா?

நேரடி ஆதாரம்: புதைத்த உடலிலிருந்து நீர் வழியாக ஒருவருக்காவது கொவிட் தொற்றியதாகக் காட்டும் ஆய்வு எதுவும் முன்வைக்கப்படவில்லை. உலகின் மிகப் பெரும்பாலான நாடுகளில் கொவிட்டில் இறந்தவர்களைப் புதைத்தார்கள். ஹொங்கொங்கில் பணியாற்றிய இலங்கையரான வைரஸ் நிபுணர் பேராசிரியர் மலிக் பீரிஸ், இது நீரால் பரவும் நோயல்ல, வைரஸ் உயிருள்ள உடலில்தான் பெருகும் என்று விளக்கினார்.

சுற்றி வளைத்த ஆதாரம் ஒன்று: சுனாமி. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு நம் கரையோரத்தில் எத்தனை ஆயிரம் ஜனாஸாக்களை அவசர அவசரமாக மணலில் அடக்கினோம். அந்த உடல்களால் பெரும் தொற்றுநோய்ப் பரவல் எதுவும் ஏற்படவில்லை. ஆனால் நேர்மையாகத் திருத்தினால் இதற்குப் புள்ளி வெட்ட வேண்டும். சுனாமியில் இறந்தவர்கள் தொற்றுநோயாளிகள் அல்லர். நமக்குச் சாதகமான ஆதாரம் என்பதற்காக அதிகப் புள்ளி கொடுக்க முடியாது.

சுற்றி வளைத்த ஆதாரம் இரண்டு: எபோலா. இது நேரான கேள்விக்கு இன்னும் கிட்டத்தில் நிற்கிறது. எபோலாவில் இறந்தவரின் உடல் உண்மையிலேயே கடுமையாகத் தொற்றும். அந்த நோய்க்குக் கூட 2014 நவம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம் 'பாதுகாப்பான, கண்ணியமான அடக்கம்' என்ற நடைமுறையைத்தான் வெளியிட்டது. முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் அவரவர் முறைக்கு ஏற்ப அதில் வழி இருந்தது.

எதிர்ப் பக்கத்தையும் பார்ப்போம். நிலத்தடி நீர்ப் பயம் நம்மைப் போன்றவர்களுக்கு முட்டாள்தனமாகத் தெரியாது. கடலுக்கும் வாவிக்கும் நடுவே மணல் திட்டில் வாழ்கிறோம். காத்தான்குடியில் கிணறு வெட்ட ஆழம் தேவையில்லை, மாரியில் குழி தோண்டினாலே தண்ணீர் ஊறும். அதனால் அந்த வாதம் கேட்கும்போது நியாயமாகப் பட்டது. ஆனால் அதே தர்க்கத்தை இன்னும் ஓர் அடி நடத்திப் பாருங்கள். உயிரோடு இருக்கும் நோயாளியின் மலத்திலும் வைரஸின் தடயம் வெளியாகிறது. ஒவ்வொரு வளவிலும் கிணற்றுக்குச் சற்றுத் தள்ளி மலசலகூடக் குழி இருக்கிறது. நீர் வழியாகப் பரவுவதுதான் உண்மையான பயம் என்றால் முதலில் அந்தக் குழிகளைப் பற்றியல்லவா வர்த்தமானி வந்திருக்க வேண்டும்?

ஆக, ஆதாரத்துக்கு நம் புள்ளி: மிகக் குறைந்தது. கட்டளையின் கனதியோ சிபாரிசையெல்லாம் தாண்டி, விலக்கே இல்லாத சட்டம்.

*"முன்னெச்சரிக்கைதானே" என்ற வாதம்*

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. புதிய நோய், ஆதாரம் சேரும்வரை காத்திருக்க முடியுமா? குறைந்த ஆதாரத்தோடு வலுவான சிபாரிசு சொல்லவே கூடாதா?

சொல்லலாம். கிரேட் முறையே அதற்கு ஐந்து சூழ்நிலைகளை ஒதுக்கியிருக்கிறது. உயிராபத்தான நெருக்கடி ஒன்று. பேரழிவு வந்துவிடலாம் என்ற அச்சம் இன்னொன்று. உலக சுகாதார ஸ்தாபனமும் இதில் சுத்தமில்லை. 2007 முதல் 2012 வரையான அதன் 456 சிபாரிசுகளை ஆராய்ந்தபோது 289 வலுவானவை. அவற்றில் 160க்குப் பின்னால் இருந்தது குறைந்த அல்லது மிகக் குறைந்த ஆதாரம். 2014இல் வெளியான ஆய்வு இதைச் சொன்னது.

அதனால் முன்னெச்சரிக்கை என்ற சொல்லை நாம் தட்டிக்கழிக்க வேண்டாம். அதற்கும் கேள்வி வைப்போம்.

மறு தட்டில் உள்ள தீங்கு என்ன? அது நிச்சயமானது. குளிப்பாட்டல், கபன், தொழுகை, அடக்கம் என்ற பர்ளு கிபாயாவை ஒரு சமூகத்திடமிருந்து பறிப்பது. கிரேட் முறை, பாதிக்கப்படும் மக்கள் எதைப் பெறுமதியாகக் கருதுகிறார்கள் என்று கேட்கச் சொல்கிறது. அந்தப் பத்தியை நம் நாட்டில் யாரும் நிரப்பவில்லை. அதோடு சுகாதாரத் தீங்கும் இருக்கிறது. 2014 ஆகஸ்டில் லைபீரியாவின் தலைநகர் மொன்ரோவியாவில் எபோலா உடல்களை எரிக்கக் கட்டளையிட்டார்கள். மக்கள் நோயாளிகளை வீட்டில் ஒளித்தார்கள், வைத்தியசாலைக்குப் போகப் பயந்தார்கள். டிசம்பரில் கட்டளையைத் தளர்த்தினார்கள். இந்த அனுபவம் நமக்கு ஆறு வருடத்துக்கு முன்பே எழுதி வைக்கப்பட்டிருந்தது. இங்கேயும் பரிசோதனைக்குப் போகப் பயந்தவர்களை நாம் அறிவோம்.

தீங்கு குறைந்த மாற்று வழி இருந்ததா? இருந்தது. நிலத்தடி நீர் ஆழத்தில் உள்ள வறண்ட காணியில் அடக்குவது. 2021 மார்ச்சில் கடைசியில் செய்தது அதைத்தானே? 2021இல் கிடைத்த நிலம் 2020 ஏப்ரலிலும் அதே இடத்தில்தான் இருந்தது.

புதிய ஆதாரம் வந்தபோது மீளாய்வு நடந்ததா? இதுதான் மிக வேதனையான பகுதி. பேராசிரியர் ஜெனிபர் பெரேரா தலைமையிலான நிபுணர் குழு 2020 டிசம்பர் இறுதியில், எரிக்கவும் புதைக்கவும் அனுமதிக்கலாம் என்று அறிக்கை கொடுத்தது. இலங்கை சமுதாய வைத்தியர்கள் கல்லூரி, புதைப்பதால் பரவல் கூடும் என்பதற்குத் திடமான ஆதாரம் இல்லை என்றது. 2021 ஜனவரி தொடக்கத்தில் இலங்கை மருத்துவச் சங்கமும் அடக்கத்தை அனுமதிக்கலாம் என்றது. அதே ஜனவரியில், கொள்கை மாறாது என்று சுகாதார அமைச்சர் பாராளுமன்றத்தில் அறிவித்தார்.

அதே டிசம்பரில் கேகாலையில் தேனும் சாதிக்காயும் கலந்த ஒரு பாணி கொரோனாவைத் தடுக்கும் என்று சொல்லி ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்றார்கள். அந்தப் பாணியைச் சுகாதார அமைச்சரே பகிரங்கமாகக் குடித்துக் காட்டினார். பாணிக்கு ஆதாரம் கேட்கப்படவில்லை. அடக்கத்துக்கு மட்டும் நூறு வீத உத்தரவாதம் கேட்கப்பட்டது. யாருக்கு எந்த அளவுகோல் என்று பார்த்தால் இனவாதம் எங்கே ஒளிந்திருந்தது என்பது தெளிவாகத் தெரியும்.

*பிறகு*

2021 பெப்ரவரி 25இன் வர்த்தமானி அடக்கத்தை அனுமதித்தது. முதலில் இரணைதீவைச் சொன்னார்கள், அங்குள்ள மக்கள் எதிர்த்தார்கள். மார்ச் 5 முதல் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. நாட்டின் எந்த மூலையில் இறந்தாலும் இங்கேதான். மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே உறங்குகிறார்கள். அவர்களில் இந்துக்களும் பௌத்தர்களும் கிறிஸ்தவர்களும் உண்டு. 2022 மார்ச் 5 முதல்தான் அவரவர் ஊரில் அடக்க முடிந்தது.

2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. எரிக்கப்பட்ட முஸ்லிம்கள் 276 பேர் என்று கணக்கும் வந்தது. நீரில் வைரஸ் கலப்பதற்கு மூலம் மலமும் சிறுநீருமே, பாதுகாப்பான அடக்கம் அல்ல என்று ஆய்வுகள் காட்டுவதாகவும் அப்போது சொல்லப்பட்டது. நான்கு வருடம் பிந்திய புள்ளி.

*நாம் செய்யக்கூடியது*

முதலாவது, இந்த அனுபவத்தால் வைத்தியத்தையே வெறுத்துவிடக் கூடாது. நமக்காகப் பேசிய வைத்தியர்களில் பலர் நம் மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர். அவர்கள் நம் மீதுள்ள பரிவால் மட்டும் பேசவில்லை. தங்கள் துறையின் விதியைப் பின்பற்றினால் வேறு முடிவுக்கு வர முடியாது என்பதால் பேசினார்கள்.

இரண்டாவது, அதே அளவுகோல் நமக்கும் வேண்டும். கருஞ்சீரகத்தில் நிவாரணம் உண்டு என்ற ஹதீஸ் ஸஹீஹானது. ஆனால் "காலையில் இத்தனை கரண்டி குடித்தால் கொரோனா வராது" என்ற வாட்ஸ்அப் கணக்கு ஹதீஸ் அல்ல. "தடுப்பூசி போட்டால் பிள்ளை பிறக்காது" என்று சுற்றிய குரல் பதிவுக்கு ஸனதும் இல்லை, ஆய்வும் இல்லை. அதை நம்பி ஊசியைத் தள்ளிப்போட்ட வயதானவர்களுக்கு யார் பொறுப்பு?

மூன்றாவது, நாளை இன்னொரு நோய் வரும், இன்னொரு சுற்றுநிருபம் வரும். பள்ளிவாயல் நிர்வாகமும் ஊர்ச் சம்மேளனமும் சட்டத்தரணிகளும் முதல் நாளிலேயே எழுத்தில் கேட்க வேண்டியவை இவைதான். இதன் ஆதாரம் என்ன தரம்? இந்தத் தரத்துக்கு இவ்வளவு கனமான கட்டளை ஏன்? பாதிக்கப்படுவோரிடம் கேட்டீர்களா? மாற்று வழி என்ன? எந்தத் திகதியில் மீளாய்வு? கேட்டது பதிவில் இருந்தால், பதில் சொல்ல வேண்டிய கடமை அவர்கள் பக்கம் போய்விடும்.

உயர்தர விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். நிபுணர் குழுக்களில் உட்காரும் தகுதியோடு வாருங்கள். உட்கார்ந்தால், அடுத்தவர் ஜனாஸா விடயத்திலும் இதே கேள்விகளைக் கேளுங்கள்.

எரிக்கப்பட்ட நம் உறவுகளுக்கும், ஓட்டமாவடி மண்ணில் அடங்கியிருப்போருக்கும் வல்ல அல்லாஹ் உயர்ந்த சுவனபதியை வழங்குவானாக. அந்த நாட்களில் குழி வெட்டிய, ஜனாஸா சுமந்த கரங்களுக்கு நற்கூலி வழங்குவானாக. ஆமீன்.